வீட்டுத் தரையும் அதன் பராமரிப்பும்

வீட்டில் உள்ள பொருள்களில் நாம் மிகுதியாகப் பயன்படுத்துவது எது என்று மாணவியரைக் கேட்டால், அடுப்பு என்பார்கள் சிலர். கட்டில் என்பார்கள் சிலர். தரை என்று சொல்பவர் அரிது. ஆனால் காலையில் கண் விழித்தது முதல் இரவு பாய் விரிக்கும் வரை நாம் விட்டு நீங்காத பொருள் தரை ஒன்றே. நம் நாட்டில் அதன்மேல் உட்கார்ந்து உண்கிறோம், படிக்கிறோம், காய்கறி நறுக்குகிறோம், உறங்குகிறோம். தவழும் குழந்தைக்கோ அதுவே உலகம். ஆகையால் தரையைச் சுத்தமாக வைத்துக்கொள்வது வெறும் அழகுக்காகச் செய்யும் வேலை அன்று. அது வீட்டாரின் உடல்நலத்தைப் பற்றிய காரியம்.

தரை என்றால் எல்லாம் ஒன்றே என்று எண்ணி, ஒரே வாளித் தண்ணீரையும் ஒரே புட்டி மருந்தையும் எங்கும் பயன்படுத்துவது பல வீடுகளில் காணும் வழக்கம். மண் தரைக்கு நல்லது சிமெண்டுக்கு ஆகாது; டைலுக்கு ஒத்துக்கொள்வது பளிங்கைக் கெடுத்துவிடும். தரை எதனால் ஆனது என்று தெரிந்துகொண்டால், அதற்கு எது பகை, எது நட்பு என்பது தானே விளங்கும்.

மண் தரை

ஆர்.கே.பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் இன்று மண் தரை வீடுகள் குறைந்துவிட்டன. எனினும் குழித்தறி போட்ட பழைய நெசவாளர் வீடுகளில் தறி நிற்கும் அறை மட்டும் மண் தரையாகவே இருப்பதைக் காணலாம். அது வறுமையினால் மட்டும் அன்று. நெய்பவர் தரை மட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிப்பலகையை மிதிக்கிறார். மண்ணிலிருந்து எழும் ஈரம் பாவு நூலுக்கு வேண்டும். பருத்தி நூல் வறண்டால் அடிக்கடி அறும்; சற்று ஈரமாயிருந்தால் வலுப்பெறும். எனவே அந்த அறைக்குச் சிமெண்டு பூச விரும்பாத பெரியவர்களின் பிடிவாதத்திற்கு ஒரு நியாயம் உண்டு.

மண் தரையை மெழுகுவதற்குச் சாணத்தைப் பயன்படுத்துவது ஏன்? மாடு தின்ற வைக்கோலிலும் புல்லிலும் செரிக்காத நார்கள் சாணத்தில் நிறைய உள்ளன. அந்த நார்கள் களிமண்ணைப் பிணைத்து, வெடிப்பு விழாமல் காத்து, புழுதி எழும்பாமல் செய்கின்றன. கல், முள், குச்சி இல்லாத புதுச் சாணத்தைத் தண்ணீரில் கரைத்து, வாசலை நோக்கிப் பின்வாங்கியவாறே வளைவு வளைவாக மெழுகி வர வேண்டும். பள்ளம் விழுந்த இடங்களைச் சலித்த களிமண்ணால் முன்னரே நிரப்பி உலரவிட வேண்டும். கெட்டியாகப் பூசினால் ஏடு ஏடாகப் பெயரும். மெல்லிய பூச்சே நிலைக்கும். நன்றாக உலர்ந்த பிறகே பாய் விரிக்கலாம்.

சாணம் கிருமிநாசினி என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். இதில் கவனம் வேண்டும். சாணம் புழுதியை அடக்குகிறது. அந்த அளவில் நன்மையே. ஆனால் கால்நடைகளின் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அதில் உள்ளன. வில்வாத ஜன்னி என்னும் டெட்டனஸ் நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துக்களும் அதில் இருக்கக்கூடும். முற்காலத்தில் பிறந்த குழந்தையின் தொப்புள் கொடியில் சாணம் தடவும் பழக்கம் எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோயிற்று. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போட்டதாலும், பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கத் தொடங்கியதாலும், தாய்மாரையும் சிசுக்களையும் தாக்கும் டெட்டனஸை இந்தியா ஒழித்துவிட்டது என்று 2015-ஆம் ஆண்டில் உறுதி செய்யப்பட்டது. ஆயினும் கிருமி மண்ணை விட்டுப் போய்விடவில்லை. கையில் வெட்டுக்காயம் உள்ளவர் சாணம் மெழுகக் கூடாது. பச்சைக் குழந்தை படுக்கும் அறையிலும் அதைத் தவிர்ப்பது நல்லது. மெழுகி முடித்ததும் கைகளைச் சோப்புப் போட்டு, நகக்கண் உட்பட, தேய்த்துக் கழுவ வேண்டும்.

மண் தரையின் இன்னொரு தீங்கு புழுக்கள். கொக்கிப்புழுவின் இளம்புழு ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். சோகை பிடித்த குழந்தை வகுப்பில் தூங்கி வழிவதை நாம் சோம்பல் என்று கடிந்துகொள்கிறோம். மெக்ஸிகோ நாட்டில் இதைப் பற்றி ஒரு நல்ல ஆராய்ச்சி நடந்தது. அங்கே கோவாவிலா மாநில அரசு, 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு திட்டத்தின்படி, மண் தரை வீடுகளுக்கு 50 சதுர மீட்டர் வரை இலவசமாகச் சிமெண்டுத் தரை போட்டுக் கொடுத்தது. பக்கத்து மாநிலத்தில், எல்லைக்கு அந்தப் புறம் இருந்த அதே போன்ற வீடுகளுக்கு அந்த உதவி கிட்டவில்லை. ஆராய்ச்சியாளர்கள் இரண்டு பகுதிகளிலும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பரிசோதித்து ஒப்பிட்டு, 2009-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மண் தரை முழுவதும் சிமெண்டாக மாறிய வீடுகளில் குடற்புழுத் தொல்லை 78 சதவீதமும், வயிற்றுப்போக்கு 49 சதவீதமும், சோகை 81 சதவீதமும் குறைந்திருந்ததாகக் கணக்கிட்டார்கள். மருந்து மாத்திரை ஒன்றும் புதிதாகக் கொடுக்கவில்லை. தரை ஒன்றுதான் மாறியது. அந்த வீட்டுத் தாய்மார்களின் மனச்சோர்வும் குறைந்திருந்தது என்பதையும் அவர்கள் குறித்துவைத்தார்கள். புழுதித் தரையைப் பெருக்கிப் பெருக்கிச் சலித்த பெண்களுக்கு அது வியப்பாயிராது.

சிமெண்டும் சிவப்புத் தரையும்

சிமெண்டு என்பது இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் 1824-இல் உரிமை பெற்ற பொருள். இந்தியாவில் அதைச் செய்யும் முதல் முயற்சி 1904-இல் நமது சென்னையில்தான் நடந்தது. கடற்சிப்பிகளை மூலப்பொருளாகக் கொண்டு தொடங்கிய அந்தத் தொழிற்சாலை நிலைக்கவில்லை.

சிமெண்டு காய்ந்து இறுகுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது தண்ணீரோடு இரசாயன மாற்றம் அடைந்து இறுகுகிறது. அதனால்தான் புதுத் தரையில் பாத்தி கட்டி ஏழு நாட்களாவது தண்ணீர் நிற்க வைக்கிறார்கள். வீடு குடிபோகும் அவசரத்தில் இந்த ஏழு நாட்களைத் திருடினால், தரை வாழ்நாள் முழுவதும் மாவு மாவாக உதிர்ந்துகொண்டே இருக்கும். பிறகு எவ்வளவு துடைத்தாலும் பயன் இல்லை. கொத்தனாரிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியவர் வீட்டுப் பெண்மணிதான். ஏனெனில் பின்னால் பெருக்கப்போவது அவர்.

சிமெண்டுடன் இரும்பு ஆக்ஸைடு என்னும் சிவப்புப் பொடியைக் கலந்து, கரணையால் தேய்த்து மெருகேற்றினால் சிவப்புத் தரை கிடைக்கும். நம் தாத்தா பாட்டி வீடுகளின் கூடங்களிலும் திண்ணைகளிலும் இன்னும் பளபளக்கும் தரை அதுவே. கோடையில் அதன்மேல் படுத்தால் வரும் குளிர்ச்சிக்கு இணை இல்லை என்பது என் எண்ணம். இதற்குத் தேவையானது மிகக் கொஞ்சம்: தினமும் பெருக்கி, நன்றாகப் பிழிந்த துணியால் வெறும் தண்ணீர் கொண்டு துடைத்தால் போதும். மாதம் ஒருமுறை சில துளி தேங்காய் எண்ணெயை ஒரு மெல்லிய துணியில் தொட்டுத் தேய்த்து, பின் உலர்ந்த துணியால் அழுத்தித் துடைப்பது பழைய முறை. துளி என்று சொன்னதைக் கவனியுங்கள். கரண்டியால் ஊற்றினால் தேங்காய் எண்ணெய் தானாக உலராது. புழுதி அதில் ஒட்டிப் பிசுபிசுக்கும். பாட்டி வழுக்கி விழுவார். மெழுகுப் பூச்சு இன்னும் நல்லது.

ஆத்தங்குடிக் கல்லும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடியில், கண்ணாடித் தகட்டின்மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் இட்டுக் கையாலேயே செய்கிறார்கள். சூளையில் சுடுவது இல்லை. தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்தே இறுக்குகிறார்கள். கண்ணாடியின் வழவழப்பே கல்லின் மெருகாகிறது. கால் பட்டுத் துடைக்கத் துடைக்க இன்னும் மெருகேறும்.

கடப்பைக் கல், மொசைக், பளிங்கு

நம் திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகள் 1960 ஏப்ரல் முதல் நாள் வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தவை. கடப்பையிலிருந்து வரும் கருங்கற்பலகை நமக்கு அண்டை வீட்டுப் பொருள். சமையல் மேடைக்கும், கூடத்துக்கும், தண்ணீர்ப் பானை வைக்கும் மூலைக்கும் அதைப் போடுவார்கள். கருமையாக இருப்பதால் பலரும் இதைக் கருங்கல் என்றே நினைக்கிறார்கள். அது தவறு. கடப்பைக் கல் சுண்ணாம்புக் கல். இராஜஸ்தானத்து மக்ரானாவிலிருந்து வரும் பளிங்கும் சுண்ணாம்புக் கல் பூமிக்குள் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாறி உண்டானதே. மொசைக் தரையில் தெரியும் வெள்ளைச் சில்லுகள் அதே பளிங்கின் துண்டுகள். அவற்றைச் சிமெண்டில் பதித்து, இறுகியபின் இயந்திரக் கல்லால் அரைத்து வழவழப்பாக்குகிறார்கள். இது இத்தாலியின் வெனிஸ் நகரத்துத் தொழிலாளர் வளர்த்த கலை. உடைந்து மிஞ்சிய பளிங்குத் துண்டுகளை வீணாக்காமல் தரையாக்கிய சிக்கனம் அது.

இங்கே மாணவியர் தாமே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. கடப்பைக் கல்லின் உடைந்த துண்டு ஒன்றையும், கிரானைட் துண்டு ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டின்மேலும் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டு, அரைமணி நேரம் கழித்துக் கழுவித் துடைத்துப் பாருங்கள். கடப்பைக் கல்லில் சாறு பட்ட இடம் மங்கலாகி, வெளுத்த தழும்பு போலத் தெரியும். கிரானைட்டில் ஒன்றும் நேராது. காரணம் என்ன? சுண்ணாம்புக் கல் கால்சியம் கார்பனேட் என்னும் பொருள். அமிலம் பட்டால் அது கரைந்து கரியமில வாயுவை வெளிவிடும். உயர்நிலை வகுப்பில் சோதனைக் குழாயில் நுரை பொங்குவதைப் பார்த்திருப்பீர்களே, அதே செயல்தான் தரையில் மெதுவாக நடக்கிறது. கிரானைட் பெரும்பாலும் சிலிகாவும் அதன் கூட்டுப்பொருள்களும் ஆனது. வீட்டு அமிலங்களுக்கு அசையாது.

இந்தத் தழும்பு கறை அன்று. கறையானால் போக்கிவிடலாம், இது கல்லின் மேல்தோலே கரைந்துபோனது. மறுபடி அரைத்து மெருகேற்றினால் ஒழியப் போகாது. புளித் தண்ணீர், மோர், தக்காளி, ரசம் எல்லாமே புளிப்புள்ளவை. சமையலறைக் கடப்பைக் கல்லில் இவை சிந்தினால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் உடனே துடைத்துவிட வேண்டும். வினிகர் கலந்த தண்ணீரால் தரையைத் துடைத்தால் பளபளக்கும் என்று மேல்நாட்டுப் புத்தகங்களில் இருக்கும். கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் அது சரி. நம் வீட்டுக் கடப்பைக் கல்லுக்கும் மொசைக்குக்கும் அது மெல்லக் கொல்லும் விஷம்.

மொசைக் தரைக்கு மெருகேற்றும்போது தொழிலாளிகள் வெள்ளைத் தூள் ஒன்றைத் தூவித் தேய்ப்பார்கள். அது ஆக்ஸாலிக் அமிலம். அமிலம் என்றால் கல்லைக் கரைக்காதா என்று கேட்கலாம். அது சுண்ணாம்போடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்குகிறது. அந்தப் படலமே மெருகு. அளவறிந்து செய்யத் தொழில் தெரிந்தவரால்தான் முடியும். வயிற்றுக்குள் போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு அது. மிச்சமான தூளைச் சர்க்கரை டப்பாவில் போட்டுவைக்கும் துணிச்சல் எந்த வீட்டிலும் வேண்டாம்.

எண்ணெய் சிந்திய கல்லில், உடனே அரிசி மாவோ முகப் பவுடரோ தூவி உறிஞ்சவிட்டுப் பின் பெருக்கலாம். கறை உள்ளே இறங்கிவிட்டால், சமையல் சோடாவைக் கெட்டியாகக் குழைத்து அப்பி, ஈரம் போகாமல் மூடி, ஓர் இரவு வைத்திருந்து எடுக்க வேண்டும். ஒரு தடவையில் போகாது. பொறுமையாக இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். மஞ்சள் கறை சூரிய வெளிச்சத்தில் தானே வெளுக்கும். சன்னலைத் திறந்து வைப்பதே அதற்கு முதல் வைத்தியம். கேஸ் சிலிண்டரின் அடியில் விழும் துருவளையத்தைப் பற்றி எல்லோரும் புலம்புகிறார்கள்; சிலிண்டரைச் சக்கரம் வைத்த தாங்கியில் வைத்தால் அந்தத் துன்பமே இல்லை.

பீங்கான் டைல்

இப்போது கட்டும் வீடுகளில் பெரும்பாலும் குஜராத்தின் மோர்பி முதலிய இடங்களிலிருந்து வரும் டைல்தான். விட்ரிபைடு டைல் என்பது மிகுந்த வெப்பத்தில் சுட்டுக் கண்ணாடித் தன்மை ஏற்றியது; தன் எடையில் அரைச் சதவீதத்துக்கு மேல் தண்ணீரை உறிஞ்சாது. ஆகவே டைல் அழுக்காவதில்லை. இரண்டு டைல்களுக்கு இடையே உள்ள இணைப்புதான் கறுக்கிறது. அந்த இணைப்பில் அடைத்திருப்பது சிமெண்டுப் பூச்சு. நாம் அது வெளுக்கட்டும் என்று ஆசிட் ஊற்றுகிறோம். முதல் நாள் பளிச்சென்று வெளுக்கிறது; ஏனெனில் மேற்பரப்பு கரைந்து போயிற்று. கரைந்த இடம் சொரசொரப்பாகி முன்னைவிட விரைவில் அழுக்கைப் பிடிக்கிறது. மறுபடி ஆசிட். சில ஆண்டுகளில் இணைப்பு குழிந்து, தண்ணீர் டைலுக்கு அடியில் இறங்கி, டைல் ஒலிக்கத் தொடங்கும். சலவைச் சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பதே இணைப்புக்கு ஏற்றது. கை வலிக்கும், தரை நிலைக்கும்.

ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும்

இந்தப் பகுதியை மட்டும் மாணவியர் வீட்டில் உரக்கப் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பிளீச்சிங் பவுடரோடு, அல்லது பிளீச்சிங் திரவத்தோடு, ஆசிட்டோ ஆசிட் கலந்த கழிவறைத் திரவமோ சேர்ந்தால் குளோரின் என்னும் நச்சு வாயு வெளிப்படும். ஒன்று கிருமியைக் கொல்லும், மற்றொன்று கறையைப் போக்கும், இரண்டையும் சேர்த்தால் இரட்டிப்புப் பலன் என்று எண்ணிச் செய்பவர்கள் உண்டு. 1915 ஏப்ரல் 22 அன்று, முதல் உலகப் போரில், பெல்ஜியத்தின் ஈப்ர நகரருகே ஜெர்மானியப் படை எதிரிகள்மேல் ஏவிவிட்ட வாயு இதுதான். சன்னல் இல்லாத சிறிய குளியலறையில் சிறிதளவு வந்தாலும் கண் எரிந்து, தொண்டை அடைத்து, மூச்சுத் திணறும். அப்படி நேர்ந்தால் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்ய நிற்காமல் உடனே வெளிக்காற்றுக்கு வந்துவிட வேண்டும். மூச்சுத் தடை நீங்காவிட்டால் 108-ஐ அழைக்க வேண்டும்.

ஆசிட் தோலில் தெறித்தால் பற்பசை, மஞ்சள் என்று எதையும் தடவாமல், ஓடும் தண்ணீரில் இருபது நிமிடமாவது கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணில் பட்டாலும் அவ்வாறே கழுவி, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். பெண்களின் முகத்தில் ஆசிட் வீசிய கொடுமைகளை ஒட்டி எழுந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2013 ஜூலை 18 அன்று ஆசிட் விற்பனையைக் கட்டுப்படுத்த ஆணையிட்டது. வாங்குபவரின் பெயரும் முகவரியும் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு விற்கவே கூடாது. அப்படியிருக்க, தரை துடைக்க என்று மகளைக் கடைக்கு அனுப்பி ஆசிட் வாங்கிவரச் சொல்லும் பெற்றோர் சற்று யோசிக்க வேண்டும். மேலே பார்த்தபடி எந்தத் தரைக்கும் அது தேவையில்லை.

பினாயில், ஆசிட் போன்றவற்றைக் குளிர்பானப் புட்டிகளில் ஊற்றி வைப்பது இன்னொரு பெரும் தீங்கு. வெள்ளைப் பினாயிலைத் தண்ணீரில் கலந்தால் பால் போல இருக்கும். குழந்தைக்கு வேறுபாடு தெரியாது. தவறிக் குடித்துவிட்டால் விரலைவிட்டு வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது. உள்ளே போகும்போது புண்ணாக்கியது வெளியே வரும்போதும் புண்ணாக்கும், நுரையீரலுக்குள்ளும் போய்விடும். புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

கிருமிநாசினியைத் தினமும் கொட்ட வேண்டியதில்லை. நோயாளி இருக்கும்போதும், வெள்ளம் வடிந்தபிறகும் அது அவசியம். 2020-இல் கொரோனா பரவியபோது தரை முதலியவற்றைத் துடைக்க ஒரு சதவீத ஹைப்போகுளோரைட் கரைசலை அரசு பரிந்துரைத்தது. கடையில் விற்கும் பிளீச்சிங் பவுடரில் 30 சதவீதம் குளோரின் இருப்பதாகக் கொண்டால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு எத்தனை கிராம் பவுடர் வேண்டும்? ஒரு சதவீதம் என்பது லிட்டருக்கு 10 கிராம் குளோரின். 10-ஐ 30-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 33 கிராம். கணக்குப் பாடம் சமையலறையிலும் உதவுகிறது. இந்தக் கரைசல் பளிங்கையும் கடப்பைக் கல்லையும் நாளடைவில் மங்கச் செய்யும். பத்து நிமிடம் கழித்துத் தண்ணீரால் துடைத்துவிட வேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீர் வடிந்த வீட்டில் சேற்றின்மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவுவது வீண். சேற்றில் உள்ள அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். கிருமிக்கு ஒன்றும் மிஞ்சாது. சேறு காய்ந்து இறுகுமுன் வாரி, கழுவி, அதன்பிறகே கரைசலை ஊற்ற வேண்டும். அதற்கும் முன்னால் மின்சார மெயினை நிறுத்தியிருக்க வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மணல் என்னும் பகை

எல்லாத் தரைக்கும் பொதுவான பகை ஒன்று உண்டு. 1812-இல் பிரெடரிக் மோஸ் என்ற ஜெர்மானியர் கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தினார். அந்த வரிசையில் பளிங்குக்கு ஏறத்தாழ மூன்று. சன்னல் கண்ணாடிக்கு ஐந்தரை. சாதாரண மணலுக்கு ஏழு. கடினமானது மென்மையானதைக் கீறும். செருப்போடு உள்ளே வந்த மணலின்மேல் நாம் நடக்கும்போதெல்லாம், உப்புத்தாளால் தரையைத் தேய்ப்பது போலாகிறது. ஆகவே விலை உயர்ந்த மெழுகைவிட வாசலில் போட்ட ஒரு முரட்டுச் சணல் மிதியடி தரைக்கு அதிக நன்மை செய்யும். பெருக்காமல் துடைப்பதும் இதே காரணத்தால் கெடுதல். துணிக்கு அடியில் மணல் உருண்டு கோடு போடும். வாசற்கோலத்தை அரிசி மாவில் போட்டால் எறும்புக்கு உணவு. கல்மாவில் போட்டால் அந்த மாவு கூடத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெளி வாசலுக்குத் தென்னந்துடைப்பம், உள்ளே பூந்துடைப்பம் என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பூப்புல் மேகாலயா முதலிய வடகிழக்கு மலைகளிலிருந்து வருவது. தறி வீடுகளில் பஞ்சுத் தூசியின்மேல் தண்ணீர் தெளித்தால் திரண்டு ஒட்டிக்கொள்ளும். உலரப் பெருக்கினாலோ தூசி காற்றில் எழும்பி மூக்கில் ஏறும். பஞ்சுத் தூசியை நெடுங்காலம் சுவாசிப்பவர்களுக்கு நெஞ்சடைப்பும் இருமலும் வருவது மருத்துவர் அறிந்த நோய். லேசாக ஈரப்படுத்திய மரத்தூளைத் தூவி, அதோடு சேர்த்துப் பெருக்குவது நல்ல வழி. வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டைப் பக்கம் விசைத்தறி வைத்திருப்போர் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: தறி ஓடும்போது ஈரத்துணியோடு அருகே போகக் கூடாது. மின்சாரத்தை நிறுத்தியபிறகே துடைக்கலாம். தரையில் சொட்டிய இயந்திர எண்ணெய்க்கு முதலில் மணலோ சாம்பலோ போட்டு உறிஞ்சவிட்டு, வாரி எடுத்தபின் சலவைச் சோடாத் தண்ணீர்.

துடைக்கும் முறை

நம் ஊர்ப்பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் வீடுகளில், துடைத்த தரை உலர்ந்ததும் வெண்படலம் படிவதைப் பார்த்திருப்பீர்கள். நீரில் கரைந்த சுண்ணாம்பு உப்புக்களே அவை. கடின நீரில் சோப்பைக் கரைத்தால் நுரைக்குப் பதில் திரிதிரியாகப் பிசுக்குத்தான் வரும். கொஞ்சம் சலவைத் தூளே போதும். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருப்பவர்கள் வாரத்தில் ஒருநாள் அதில் துடைத்துப் பார்க்கலாம், வித்தியாசம் தெரியும்.

இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் மருந்து கலந்த தண்ணீர், மற்றொன்றில் துணியை அலசும் தண்ணீர். ஒரே வாளியில் கடைசி அறை வரை துடைத்தால், முதல் அறையின் அழுக்கைக் கடைசி அறைக்குக் கொண்டுபோய்ப் பூசுகிறோம். பினாயில் மூடியளவே போதும். மணம் தூக்கலாக இருந்தால்தான் சுத்தம் என்பது தவறான எண்ணம். மிகுதியான மருந்து படலமாகத் தங்கி அழுக்கை இழுக்கும், வழுக்கவும் செய்யும். வயதில் மூத்தவர்கள் இருக்கும் வீட்டில், அவர்கள் நடமாடும் நேரம் பார்த்துத் துடைக்காமல், தரை உலரும்வரை அவர்களை உட்காரவைத்துவிட்டுச் செய்ய வேண்டும். முதுமையில் இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர்களில் பலர் பழையபடி எழுந்து நடப்பதில்லை.

துடைப்பவரின் உடம்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முழங்காலை ஊன்றிப் பல ஆண்டுகள் தரை துடைப்பவர்களுக்கு முழங்காலின் முன்புறம் நீர்கோத்து வீங்கும். மேல்நாட்டில் இதற்கு வேலைக்காரப் பெண்ணின் முழங்கால் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நீளக்காம்புள்ள மாப்பு வாங்குவது ஆடம்பரம் என்று சொல்லும் வீட்டில், சொல்பவர் ஒரு வாரம் தரை துடைத்துப் பார்க்கட்டும். அண்ணனும் தம்பியும் நடக்கிற தரையை அண்ணனும் தம்பியும் துடைத்தால் தரை ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

எல்லாம் முடிந்தபின் ஒரு வேலை மிச்சம் உண்டு; அதைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறோம். துடைத்த துணியை வாளிக்குள்ளேயே சுருட்டிப் போட்டால் இரவு முழுவதும் ஈரத்தில் கிருமிகள் பெருகி, மறுநாள் காலை வீடெங்கும் அவற்றையே பூசுவோம். சோப்புப் போட்டு அலசி, ஒட்டப் பிழிந்து, கொல்லைப்புறக் கொடியில் வெயில் படும்படி விரித்துப் போடுங்கள். வாளியையும் கவிழ்த்து வையுங்கள்.